வாய்தாவில் கரையும் குழந்தைப் பருவம்

விவாகரத்துத் தீர்ப்புக்காக ஆண்டுக்கணக்கில் பெரியவர்கள் காத்திருக்கலாம். பிள்ளைகள்? குடும்ப நீதிமன்ற வாசலிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.

மதியம் இரண்டரை மணி. மாவட்டத் தலைநகர் ஒன்றின் குடும்ப நீதிமன்றம். காலையிலிருந்து பெயர் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த வாய்தா தேதியைக் குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சின் ஒரு முனையில் அப்பா. மறுமுனையில் ஆறு வயது மகள். பத்தடி தள்ளித் தூணில் சாய்ந்தபடி அம்மா. அவர் அருகில் தாய்மாமன், கையில் செல்போனோடு.

மாதம் இரண்டு முறை, ஒரு மணி நேரம், வளாகத்துக்குள்ளேயே மகளைப் பார்க்கலாம் என்பது உத்தரவு.

“சாப்பிட்டியாம்மா?”

“ம்.”

“என்ன சாப்பிட்ட?”

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறாள். பதில் சொல்லலாமா, கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பா பையிலிருந்து புதுக் கவுன் ஒன்றை எடுத்து அவள் தோளில் வைத்துப் பார்க்கிறார். கை நீளம் போதவில்லை. போன வருடம் எடுத்த அதே அளவில் எடுத்திருக்கிறார். பிள்ளை வளர்ந்துவிட்டது.

குடும்ப நீதிமன்ற வழக்குகள் மூடிய அறைக்குள் நடக்கலாம் என்கிறது சட்டம். அதனால் இந்தக் கட்டுரையில் வரும் குடும்பங்களுக்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. ஆனால் இப்படியொரு பெஞ்ச் தமிழ்நாட்டின் எல்லாக் குடும்ப நீதிமன்றங்களிலும் இருக்கிறது.

திரை நட்சத்திரங்கள் பிரிவை அறிவிக்கும்போதெல்லாம் நம் வீடுகளிலும் டீக்கடைகளிலும் விவாதம் சூடு பிடிக்கிறது. தப்பு யார் மேல், எத்தனை கோடி ஜீவனாம்சம் என்று பேசுகிறோம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றிப் பேசுவது குறைவு. கணவன் மனைவி பிரிவதில் தவறில்லை. சேர்ந்து வாழ்வது இருவரையும் சிதைக்கும் என்றால் பிரிவதே நல்லது. ஆனால் பிரிவதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் காலமும், அந்தக் காலத்தில் பிள்ளையை வைத்து நடத்தும் போரும்தான் ஈடுகட்ட முடியாத சேதத்தைச் செய்கின்றன.

புத்தகத்தில் ஆறு மாதம்

1984-ல் குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தபோது அதன் நோக்கம் தெளிவாக இருந்தது. மற்ற சிவில் வழக்குகளைப் போல இவற்றை இழுக்கக் கூடாது. முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்வதை உரிமையாகக் கோர முடியாது. முடிந்தவரை சம்பந்தப்பட்டவர்களே நீதிபதியிடம் நேரில் பேச வேண்டும். நடைமுறையில் இன்று வக்காலத்து இல்லாத வழக்கைப் பார்ப்பதே அரிது.

அதற்கும் முன்பே, 1976 திருத்தத்தில், இந்து திருமணச் சட்டத்தில் 21பி என்றொரு பிரிவு சேர்க்கப்பட்டது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது அது. 2001-ல் இன்னொரு திருத்தம்: இடைக்கால ஜீவனாம்ச மனுவையும், பிள்ளைகளின் பராமரிப்பு, படிப்புச் செலவு பற்றிய மனுவையும் நோட்டீஸ் கிடைத்து 60 நாளுக்குள் முடிந்தவரை தீர்க்க வேண்டும். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் 60 நாள் என்றே சொல்கிறது.

புத்தகத்தில் ஆறு மாதம், 60 நாள். நீதிமன்ற வராண்டாவில் நான்கு வருடம், ஆறு வருடம் என்று சொல்கிறவர்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். ‘முடிந்தவரை’, ‘முயல வேண்டும்’ என்ற சொற்களுக்குள் அத்தனை வருடங்களும் அடங்கிவிடுகின்றன.

பெட்டிச் செய்தி: யாருக்கு எந்தச் சட்டம்?

இந்துக்களுக்கு 1955-ன் இந்து திருமணச் சட்டம். தமிழ்நாட்டின் சுயமரியாதைத் திருமணங்களுக்கு அண்ணா ஆட்சியில் சேர்த்த 7ஏ பிரிவால் இதே சட்டத்தின் அங்கீகாரம் உண்டு. கிறிஸ்தவர்களுக்கு 1869-ன் விவாகரத்துச் சட்டம். 2001 திருத்தத்துக்குப் பிறகே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே காரணங்கள் பொருந்தின. பதிவுத் திருமணம் செய்த கலப்புத் தம்பதியருக்கு 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டம். இஸ்லாமியர்களில் உடனடி முத்தலாக் 2019 சட்டப்படி குற்றம். மனைவி கோரும் ‘குலா’ மணமுறிவுக்கு ஷரியத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் தரும் சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்கே வர வேண்டும் என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. விவாகரத்தான இஸ்லாமியப் பெண்ணும் பொதுச் சட்டத்தின் கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பதை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது.

‘மியூச்சுவல்’ என்ற குறுக்குவழி

வழக்கறிஞர் அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் சொல் ‘மியூச்சுவல்’. இருவரும் சம்மதித்துப் பிரிவது. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருந்தால் மனுத் தாக்கல் செய்யலாம். ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து சம்மதத்தை உறுதி செய்தால் விவாகரத்து. சமாதானத்துக்கு வழியே இல்லை, பணம், பிள்ளை எல்லாவற்றிலும் உடன்பாடு வந்துவிட்டது என்றால் அந்த ஆறு மாதத்தையும் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இது பெரிய ஆறுதல்.

ஆனால் ஒருவர் சம்மதிக்காவிட்டால்? கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டுப் போனது, வேறொருவருடன் உறவு என்று ஏதாவது ஒரு குற்றத்தை நிரூபித்தாக வேண்டும். ‘எங்களுக்குள் ஒத்துவரவில்லை’ என்பது நம் சட்டத்தில் காரணம் அல்ல. மீட்க முடியாதபடி முறிந்துபோன திருமணத்தை அந்த ஒரே காரணத்துக்காகவே கலைக்கலாம் என்று சட்ட ஆணையம் 1978-லும் 2009-லும் பரிந்துரைத்தது. 2013-ல் மாநிலங்களவை வரை ஒரு மசோதா நிறைவேறி, பிறகு காலாவதியானது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசியல் சாசனத்தின் 142-வது பிரிவைக் கொண்டு அப்படிக் கலைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே. விருதுநகரிலோ தருமபுரியிலோ வழக்கு நடத்துகிற பெண் டெல்லி வரை போக முடியுமா?

இதன் விளைவு கொடியது. பிரிய வேண்டும் என்றால் மற்றவரைக் குற்றவாளியாகக் காட்டியாக வேண்டும். படுக்கையறைச் சண்டைகள், மாமியாரின் சொற்கள், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் மனுவில் ஏறுகின்றன. தம்பதியர் ஒருவருக்கொருவர் தெரியாமல் பதிவு செய்த போன் உரையாடலையும் விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறிய பிறகு, வீட்டுக்குள்ளேயே பேசப் பயப்படும் நிலை வந்திருக்கிறது. இந்தக் காகிதங்களை ஒருநாள் அந்தப் பிள்ளைகளும் படிக்கக்கூடும். எழுதுகிறவர்கள் அதை நினைப்பதே இல்லை.

முதல் ஆறு மாதமே முழு வழக்கு

வழக்கோடு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘எப்ப சார் டைவர்ஸ் கிடைக்கும்?’ கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதுவரை பிள்ளை யாரிடம் இருக்கும்? பள்ளிக் கட்டணம் யார் கட்டுவார்? மற்றவர் எந்தக் கிழமை, எங்கே, எவ்வளவு நேரம் பார்ப்பார்?

நடப்பது இதுதான். சண்டை முற்றிய ஒரு ராத்திரியில் அம்மா பிள்ளையோடு தாய்வீட்டுக்குப் போகிறார். அல்லது கணவன் வீட்டார் பிள்ளையை வைத்துக்கொண்டு மருமகளை மட்டும் வெளியே அனுப்புகிறார்கள். மனு போடப்படுகிறது. ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்ற குறிப்போடு சம்மன் திரும்பி வருகிறது. மறுபடி சம்மன். வந்தவர் பதில் மனு போட அவகாசம் கேட்கிறார். கவுன்சலிங்குக்கு நான்கு அமர்வு. இதற்கிடையில் கணவர் கோவையிலும் மனைவி திருநெல்வேலியிலும் தனித்தனியாக வழக்குப் போட்டிருந்தால், வழக்கை மாற்றக் கோரி உயர் நீதிமன்றத்தில் இன்னொரு மனு. அது முடியும்வரை கீழே எதுவும் நகராது. நீதிபதி மாறுகிறார். கோடை விடுமுறை வருகிறது.

பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் முதன்முறையாக நிதானமாகப் பார்க்கும்போது ஒன்றரை வருடம் ஓடியிருக்கும். பிள்ளைக்குப் புதுப் பள்ளி, புது நண்பர்கள், தாத்தா பாட்டியோடு ஒரு பழக்கம். ‘பழகிவிட்ட சூழலைக் கலைக்க வேண்டாம்’ என்று நீதிபதி நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் அந்தச் சூழலை உருவாக்கியது தாமதம். முதல் நாள் பிள்ளை எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம் பெரும்பாலும் நிலைத்துவிடுகிறது. இதனால் பிள்ளையைக் கையில் வைத்திருப்பவருக்கு வழக்கை இழுப்பதில் லாபம். ஆண்களும் இதைச் செய்கிறார்கள், பெண்களும் செய்கிறார்கள்.

உத்தரவு கிடைத்த பிறகும் கதை முடிவதில்லை. சனிக்கிழமை வரும், பிள்ளைக்குக் காய்ச்சல். அடுத்த சனிக்கிழமை பரீட்சை. அதற்கடுத்து ‘அவனே வரமாட்டேங்கிறான், நான் என்ன பண்ண?’ உத்தரவை நிறைவேற்றக் கோரி இன்னொரு மனு. அதற்கும் வாய்தா.

அப்பாவைப் பற்றி ஒரு வீட்டிலும் அம்மாவைப் பற்றி இன்னொரு வீட்டிலும் கெட்டதையே கேட்டு வளரும் பிள்ளை, இருவரையும் திருப்திப்படுத்தப் பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறது. அங்கே சாப்பிட்ட ஐஸ்கிரீமை இங்கே மறைக்கிறது. இங்கே வாங்கிய சைக்கிளை அங்கே சொல்ல மறுக்கிறது. நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டு, ‘நீ யார்கூட இருக்க ஆசைப்படுற?’ என்று கேட்கும்போது, முதல் நாள் ராத்திரி சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறது. விவரம் தெரிந்த வயது என்றால் பிள்ளையின் விருப்பத்தைக் கருத்தில் கொள்ளலாம் என்கிறது 1890-ன் பாதுகாவலர் சட்டம். அனுபவமுள்ள நீதிபதிகளுக்கு ஒப்பித்த பதிலும் உண்மையான பதிலும் பிரித்துத் தெரியும். அப்படிப் பிரித்தறிய ஒரு பிள்ளையோடு அரை மணி நேரமாவது வேண்டும். ஒரு நாளில் குவியும் வழக்குகள் அந்த நேரத்தை விடுவதில்லை.

பெட்டிச் செய்தி: பிள்ளை யாருக்கு? சட்டம் சொல்வது

1956-ன் இந்து இளவர் சட்டம் தந்தையை முதல் இயற்கைப் பாதுகாவலராகவும், ‘அவருக்குப் பின்’ தாயையும் சொல்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன், மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது தந்தையின் கையெழுத்து கேட்கப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம், தந்தை உயிரோடு இருக்கும்போதும், அவர் பொறுப்பில் இல்லாத நிலையில் தாயே பாதுகாவலர் ஆகலாம் என்றது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பது விதி. ஐந்து முடிந்ததும் தானாகத் தந்தைக்குப் போய்விடும் என்று அர்த்தமில்லை. எல்லாவற்றுக்கும் மேலானது பிள்ளையின் நலன். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ரோஸி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ அல்ல என்று 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருவரும் பொறுப்பைப் பகிரும் கூட்டுக் கஸ்டடியைச் சட்டமாக்க 2015-ல் சட்ட ஆணையம் தன் 257-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. இன்னும் சட்டமாகவில்லை.

சம்பளம் எவ்வளவு? மறைக்க முடியாத கேள்வி

பத்திரிகைத் தலைப்புகளில் ஜீவனாம்சம் என்றால் கோடிகள். வராண்டாவில் ஜீவனாம்சம் என்றால் மாதம் ஐயாயிரமா எட்டாயிரமா என்ற இழுபறி. அதுவும் உத்தரவில் இருக்கும்; கைக்கு வராது.

2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்பை இந்தப் பிரச்சினையில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். கணவன், மனைவி இருவருமே வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கான படிவத்தையே தீர்ப்போடு தந்திருக்கிறது நீதிமன்றம். ஜீவனாம்சம், உத்தரவு வந்த நாளிலிருந்து அல்ல, மனு போட்ட நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும். இழுத்தடித்தால் பாக்கி ஏறும் என்பதே இதன் பலம். பொய்த் தகவல் தந்தால் நடவடிக்கை உண்டு.

நிலுவையை வசூலிக்கவும் வழி இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை என்று அது எச்சரிக்கிறது. ஆனால் தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். ‘எப்படியும் தருவார்’ என்று காத்திருந்து இந்த ஒரு வருடத்தைத் தவறவிடும் பெண்கள் ஏராளம். அரசு ஊழியர் என்றால் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லலாம். தினக்கூலிக்குப் போகிறவர், ஜி-பேயில்கூடக் காசு வாங்காதவர் என்றால் சட்டத்தின் கை அங்கே தளர்ந்துவிடுகிறது. பிறகு அந்தப் பெண் வேலைக்குப் போகிறார். வாய்தாவுக்கு வருகிற ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு நாள் கூலி போகிறது.

சீர் நகை பற்றி ஒரு சொல். கல்யாணத்தில் பெண்ணுக்குப் போட்ட நகையும் கொடுத்த சீரும் அவளுடையவை. கணவனுக்கோ மாமியாருக்கோ அதில் உரிமை கிடையாது. அவசரத்துக்கு எடுத்து அடகு வைத்திருந்தாலும் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் கணவர் என்பதை 2024-லும் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொல்லியிருக்கிறது. ரசீதும் கல்யாண ஆல்பமும் பத்திரமாக இருந்தால் பாதி வழக்கு முடிந்தது. குடும்பத்தைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சொத்து சேர்வதற்கான பங்களிப்பே, அப்படி வாங்கிய சொத்தில் அவருக்குச் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. ஆனால் விவாகரத்தின்போது சொத்தைப் பங்கிட நம்மிடம் இன்னும் சட்டம் இல்லை.

ஆண்கள் தரப்புக் குறையையும் சொல்லியாக வேண்டும். வரதட்சணைக் கொடுமைப் புகாரில், எங்கோ வெளியூரில் இருக்கும் நாத்தனார் பெயரையும், எழுபது வயது மாமனார் பெயரையும் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. உடனடிக் கைது கூடாது என்று 2014-ல் அர்னேஷ் குமார் தீர்ப்பு வந்த பிறகு நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. பேரம் பேசும் கருவியாகக் குற்ற வழக்கைப் பயன்படுத்துவது, உண்மையிலேயே அடிபட்டு வரும் பெண்ணின் புகாரையும் சந்தேகத்தோடு பார்க்க வைக்கிறது. அதற்காக அடி வாங்குகிறவள் புகார் கொடுக்கத் தயங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அதை ஏற்க முடியாது.

இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஒரு விடுதலை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் விவாகரத்தானவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். விவாகரத்து வாங்காமலே பிரிந்து வாழ்கிறவர்கள் சுமார் 35 லட்சம். கோர்ட் படியேறுகிறவர்களைவிட ஏறாதவர்கள்தான் அதிகம்.

அவர்களில் பலரின் கையில் ஒரு காகிதம் இருக்கும். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், இருபது ரூபாய் முத்திரைத்தாளில், ‘இன்று முதல் உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை’ என்று இருவரும் கையெழுத்துப் போட்ட விடுதலைப் பத்திரம். ‘அத்துவிட்டாச்சு’ என்பார்கள். சில இடங்களில் மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்த சமரசக் கடிதமே விவாகரத்தாகக் கருதப்படுகிறது. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்கள், புகார் சொல்லப் பயந்த பெண்களுக்குப் பெரிய வாசலைத் திறந்துவிட்டன. ஆனால் எந்தக் காவல் நிலையத்துக்கும் திருமணத்தைக் கலைக்க அதிகாரம் இல்லை. பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யவும் அதிகாரம் இல்லை.

நெடுங்காலமாகச் சமூகத்தில் நிலவும் மணமுறிவு வழக்கத்தை இந்து திருமணச் சட்டம் காப்பாற்றவே செய்கிறது. அந்த வழக்கத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். நிரூபிக்க முடியாவிட்டால் பத்திரம் வெறும் காகிதம். அதை நம்பிச் செய்த இரண்டாவது கல்யாணம் செல்லாது. பதினைந்து வருடம் கழித்து அந்த மனிதர் இறந்து, குடும்ப ஓய்வூதியத்துக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் போகும்போதுதான் இடி விழும். தாலுகா அலுவலகத்தில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நிற்பார்கள், இருவருமே ஏமாற்றப்பட்டவர்கள். இரண்டாவது உறவில் பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும் சட்டம் கருணை காட்டுகிறது: செல்லாத திருமணத்தில் பிறந்தாலும் அவர்கள் முறையான வாரிசுகள், பூர்வீகச் சொத்தில் பெற்றோருக்குச் சேரும் பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

பிரிந்து வாழ்ந்தால் போதாதா, கோர்ட் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். பிரச்சினை பெரும்பாலும் பிரிந்தவர்களின் காலத்தில் வெடிப்பதில்லை. அவர்கள் பிள்ளைகளின் காலத்தில் வெடிக்கிறது.

டி.சி., பாஸ்போர்ட், விமான டிக்கெட்

விவாகரத்து வழக்கின் முக்கால்வாசி வலி சின்னச் சின்னக் காகிதங்களில் இருக்கிறது. பழைய பள்ளியில் ‘அப்பா வந்தால்தான் டி.சி.’ என்பார்கள். எட்டாம் வகுப்பு வரை கட்டாயக் கல்விச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு தெளிவானது: மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும், அது வரவில்லை என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோரில் ஒருவரே உறுதிமொழி தந்து விண்ணப்பிக்க 2016 டிசம்பரில் விதிகள் தளர்த்தப்பட்டன. மனைவி தன் பாஸ்போர்ட்டுக்குக் கணவனின் கையெழுத்து வாங்கத் தேவையில்லை என்பதை 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது. விவாகரத்து வழக்கு நடக்கும்போது பிரிந்துபோன கணவனிடம் கையெழுத்துக் கேட்டு அலையவிட்டதால் வந்த வழக்கு அது.

வெளிநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் சிக்கல் தனி. அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருந்து பிள்ளையோடு விடுமுறைக்கு வந்த ஒருவர் திரும்பிப் போக மறுத்தால் என்ன ஆகும்? குழந்தை கடத்தல் தொடர்பான 1980-ன் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அங்கே உள்ள நீதிமன்றம் ‘பிள்ளையை அனுப்பு’ என்று உத்தரவிட்டாலும், இங்கே அது ஒரு அம்சமாக மட்டுமே பார்க்கப்படும். பிள்ளையின் நலன்தான் தீர்மானிக்கும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இப்படிப்பட்ட வழக்குகளில் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுவதே வழக்கம். அதுபோல, மனைவி இங்கே இருக்க, கணவர் அங்கே தனியாக வாங்கிவரும் விவாகரத்து இங்கே தானாகச் செல்லாது. இருவரும் எந்தச் சட்டத்தின் கீழ் மணந்தார்களோ அந்தச் சட்டத்தின் காரணங்களும், மறுதரப்பு உண்மையாகப் பங்கேற்றதும் முக்கியம் என்று 1991-லேயே தீர்ப்பு இருக்கிறது. வெளிநாட்டு நீதிமன்றத்திலிருந்து வரும் மின்னஞ்சலை அலட்சியம் செய்யாதீர்கள்; பதில் அனுப்பும் முன் இங்கே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

பெட்டிச் செய்தி: எங்கே போவது?

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருகிறது சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதித் தந்தால் போதும். தொலைபேசி எண் 15100. வீட்டுக்குள் அடி, மிரட்டல் என்றால் பெண்கள் உதவி எண் 181. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் நேரடியாகவே புகார் தரலாம். வீட்டை விட்டு வெளியேற்றாமல் இருக்கவும், பிள்ளையைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளவும் மாஜிஸ்திரேட்டே உத்தரவிட முடியும். மனைவி தான் இப்போது வசிக்கும் ஊரிலேயே விவாகரத்து மனு போடலாம். 2003 முதல் அந்த உரிமை இருக்கிறது.

சமரச மேஜை

2005 ஏப்ரலில், நாட்டிலேயே முதன்முறையாக நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கப்பட்டது. அதன் கிளைகள் இன்று மாவட்டங்களிலும் இருக்கின்றன. சமரசம் என்றால் ‘சேர்ந்து வாழுங்கள்’ என்று புத்திமதி சொல்வது என்றே பலரும் பயப்படுகிறார்கள். நல்ல சமரசர் அப்படிச் செய்வதில்லை. நல்லபடியாகப் பிரியவும் அவர் உதவுவார். தீபாவளி யார் வீட்டில், பொங்கல் யார் வீட்டில், காதுகுத்துக்கு யார் மடியில் உட்கார வைப்பது, பத்தாம் வகுப்பு டியூஷன் பணம் யார் தருவது என்பதையெல்லாம் நீதிபதி ஒருவர் மேடையிலிருந்து தீர்க்க முடியாது. ஒரே மேஜையில் உட்கார்ந்து இருவரும் எழுதிக்கொள்ள முடியும். நேரில் பார்க்க முடியாத பெற்றோருக்குத் தினமும் வீடியோ அழைப்பில் பேசும் நேரத்தைக்கூட உத்தரவில் சேர்க்கலாம் என்று 2020-ல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கத்தி எடுத்தவரோடு சமரசம் பேசச் சொல்லக் கூடாது. வன்முறை இருக்கும் வழக்கை முதலிலேயே பிரித்து, பாதுகாப்பு உத்தரவுக்கு அனுப்புவதே சரி. மற்ற வழக்குகளில் சமரச மேஜைக்கு முதல் மாதத்திலேயே போக வேண்டும். மூன்று வருடம் ஒருவர் மேல் ஒருவர் சேறு பூசி, குறுக்கு விசாரணையில் கூனிக்குறுகிய பிறகு அனுப்பினால் அங்கே பேச எதுவும் மிச்சம் இருக்காது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வக்கீலிடம் போவதற்கு முன்னால், பிள்ளையின் ஒரு வாரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். யார் எழுப்புகிறார், யார் பள்ளிக்கு விடுகிறார், யார் மடியில் தூங்குகிறது, ஞாயிற்றுக்கிழமை எந்தத் தாத்தா வருவார். பிரிந்த பிறகு அந்தத் தாளில் எவ்வளவு மாறாமல் இருக்க முடியுமோ அவ்வளவையும் காப்பாற்றும்படி மனு எழுதச் சொல்லுங்கள். ‘பிள்ளையைக் கண்ணிலேயே காட்டக் கூடாது’ என்று யோசனை சொல்லும் உறவினரை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

நீதித்துறையிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது. படிப்புச் செலவு மனுவுக்கு 60 நாள் கெடு வைத்த சட்டம், பிள்ளையைப் பார்க்கும் மனுவுக்கு அப்படி எதுவும் வைக்கவில்லை. கட்டணம் அறுபது நாளில் வர வேண்டும், அப்பாவோ அம்மாவோ எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதில் என்ன நியாயம்? முதல் வாய்தாவிலேயே இரு தரப்புக்கும் குறைந்தபட்சப் பார்வை நேரத்தை நீதிமன்றம் தானாகவே விதிக்க வேண்டும்; 60 நாளுக்குள் இடைக்காலக் கஸ்டடி உத்தரவு வர வேண்டும்; உத்தரவை மீறினால் அடுத்த வாரமே கணக்குக் கேட்க வேண்டும். நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவரும்வரை இதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 21-வது பிரிவு, நடைமுறை விதிகளை வகுக்கும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதியை இந்த ஆண்டே கொண்டுவர வேண்டும்.